வாய் திறந்தால் தோல்வி

இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்னால், ஒரு மாசி மாதத்தில், மதுரைக்கு மேற்கே கோச்சடைப் பக்கம் வைகைக் கரைத் தோப்பு ஒன்றில் நடந்தது இது. அப்போது நான் மதுரையில் ஒரு ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டர். வயசு இருபத்தாறு. முறுக்கின மீசை, காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில். அதை வாயில் வைத்தேன் என்றால் மைதானமே கப்சிப் ஆகிவிடும். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை. அந்தத் திமிரால்தான் ஒரு சின்னப் பையனின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

எங்கள் வட்டாரத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் சேர்ந்து வருஷா வருஷம் பையன்களுக்குக் குஸ்திப் போட்டி நடத்துவது வழக்கம். அதற்கு முந்தின வருஷம் நடந்தது போட்டியே இல்லை, ரகளை. கோதாவில், அதாவது குஸ்திக்கென்று கொத்திப் பதப்படுத்தின செம்மண்ணில், இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டுகொண்டிருந்தபோது ஒருத்தன் இன்னொருத்தனின் அக்காளைப் பற்றி என்னமோ சொல்லிவிட்டான். அவ்வளவுதான். அவன் கடிக்க, இவன் குத்த, இரண்டு பள்ளிக்கூடத்துப் பையன்களும் கயிற்றைத் தாண்டிக் குதிக்க, தலைமை வகிக்க வந்த பெரிய மனுஷரின் தலைப்பாகை எங்கே போனதென்றே தெரியவில்லை. ஹெட்மாஸ்டர்கள் கூடிப் பேசி, இன்னொரு தடவை இப்படி நடந்தால் குஸ்தியையே எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் குஸ்தி என்றால் உசிர். “இந்தத் தடவை என்கிட்ட விடுங்க ஸார், ஒரு சத்தம் கேட்காது” என்று மார்தட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். போட்டிக்கு மத்தியஸ்தன் நானே, ஏற்பாடும் நானே. உட்கார்ந்து ஏழு விதிகள் எழுதினேன். கார்பன் வைத்து எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினேன். நாலாவது விதியை எழுதி முடித்தபோது என் கையை நானே ஒரு தடவை பெருமையாகப் பார்த்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அந்த விதி இதுதான்: கோதாவில் காலை வைத்த பையன், வெளியே வருகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அவனுக்குத் தோல்வி. அவனுக்கு மட்டுமில்லை, அவன் பள்ளிக்கூடம் அன்றைக்கு வாங்கின புள்ளிகள் அம்புட்டும் ரத்து. முதுகு மண்ணில் பட்டு நான் விசில் ஊதினால்தான் பிடி முடிந்தது. அதற்கு முன்னால் எழுந்து போனாலும் அதே கதிதான்.

ஒருத்தன் வாயைத் திறந்தால்தானே இன்னொருத்தனுக்குக் கோபம் வரும்? திறக்கவே விடக் கூடாது. எப்படி என் மூளை!

யாருக்கு யார் ஜோடி என்பதை வகுப்பை வைத்துப் போட்டோம். நாலாம் பாரத்துப் பையனுக்கு நாலாம் பாரத்துப் பையன், ஐந்தாம் பாரத்துக்கு ஐந்தாம் பாரம். நாலாம் பாரம் என்றால் இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. இதைவிட நியாயம் உண்டா என்று எல்லா டிரில் மாஸ்டர்களும் தலையாட்டினோம். ஆனால் அந்தக் காலத்தில் மதுரை டவுனில் ஒரு பையனை ஐந்து வயசில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவார்கள். உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டில் அப்படியா? ஏர் பிடிக்க, மாடு பத்த என்று நாலைந்து வருஷம் போன பிறகு, மழை ஏமாற்றின ஒரு வருஷம் பார்த்து, ‘சரி, போய்ப் படிச்சுட்டு வா’ என்று அனுப்புவார்கள். அதனால் ஒரே நாலாம் பாரத்தில் பதின்மூன்று வயசுப் பாலகனும் இருப்பான், பத்தொன்பது வயசில் மீசை வழிக்கிறவனும் இருப்பான். இது எங்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துதான் தலையாட்டினோம்.

எங்கள் பள்ளிக்கூடத்து நாலாம் பாரத்தில் ஒரு பையன் இருந்தான். எலும்பும் தோலுமாக இருப்பான், ஆனால் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுவான். அவனைப் பிடிக்கிறது குரங்குக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி. அவன் அப்பா புது மண்டபத்தில் தையல் மிஷின் போட்டிருந்தார். தாயில்லாத ஒத்தைப் பிள்ளை. குஸ்திக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். நானே நேரில் போனேன். மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “அண்ணே, நான்தான் மத்தியஸ்தன். என் கண்ணு முன்னால நடக்கிறது. பய மேல ஒரு கீறல் விழாம கூட்டிட்டு வந்து விடுறேன், போதுமா?” என்றேன். அவர் என் விசிலைப் பார்த்தார், என் மீசையைப் பார்த்தார். ஒரு சிவப்புத் துணியை எடுத்து அங்கேயே குஸ்திக்காரர் இடுப்பில் கட்டுகிற லங்கோடு ஒன்று தைத்து என் கையில் கொடுத்துவிட்டார். அந்தச் சிவப்பு லங்கோட்டோடுதான் அவன் வந்தான்.

போட்டி அன்றைக்கு ஏற்பாடு எல்லாம் அமர்க்களம். கோதாவைச் சுற்றிக் கயிறு, தலைமை வகிக்கிறவருக்குச் சாய்வு நாற்காலி, ரோஜா மாலை, கோலி சோடா ஒரு பெட்டி, அறிவிப்புச் செய்ய ஒரு தகரக் குழாய். அடிபட்டால் பார்க்க ஒரு கம்பவுண்டர் மட்டும் இல்லை. யாருக்கும் அது தோன்றவே இல்லை. சோடா தோன்றியது.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்கள் போடி ரயிலில் வந்து இறங்கி நடந்து வந்தார்கள். அதில் ஒருத்தன், அகலத் தோளும் வெயிலில் கறுத்த முதுகுமாக, நடந்து வரும்போதே ஒரு தினுசாக இருந்தான். வாத்தியார் என்று நினைத்து என் சகா ஒருத்தர் அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டார். அவனும் நாலாம் பாரம்தான். எங்கள் சின்னவனுக்கு ஜோடி அவன்தான்.

இரண்டு பேரும் கோதாவில் இறங்கி எதிரெதிரே நின்றதும் கூட்டம் சிரித்தது. “அடேய் மாப்ள, காளைகிட்டக் கன்னுக்குட்டிய விட்டுட்டாங்கடா!” என்று யாரோ கத்தினார்கள். நான் முறைத்தேன். அந்தப் பெரியவன் என்னையே பார்த்தான். புருவத்தைத் தூக்கி, சின்னவனைப் பார்த்து, மறுபடியும் என்னைப் பார்த்தான். கோதாவில் கால் வைத்தாயிற்றே, வாயால் கேட்க முடியாது. ‘என்ன ஸார் இது?’ என்றுதான் அவன் கண் கேட்டது. இப்போது புரிகிறது. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ‘இந்தச் சுண்டைக்காயையா எனக்குப் போட்டீங்க’ என்று கர்வமாகக் கேட்கிறானாக்கும் என்று தோன்றியது. விசிலை ஊதிவிட்டேன்.

இரண்டு பேரும் குனிந்து ஒரு பிடி மண் எடுத்து ஒருத்தர் உள்ளங்கையில் ஒருத்தர் தேய்த்துக்கொண்டார்கள். பிடி ஆரம்பித்தது. பெரியவன் ஒன்றுமே செய்யவில்லை. சின்னவன் பாய்ந்தால் மெதுவாக ஒதுக்கிவிடுவான், காலைப் பிடித்தால் தூக்கி அந்தப் பக்கம் வைப்பான். பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு விளையாடுகிற மாதிரி இருந்தது. கூட்டம் கிண்டல் பண்ண ஆரம்பித்தது. தலைமை வகித்தவர் கொட்டாவி விட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் போட்டியில் இப்படி ஒரு கூத்தா? குனிந்து அவன் காது கேட்க, “என்னடா தாலாட்டுறியா? ஒழுங்காப் பிடிடா!” என்று அதட்டினேன்.

அதட்டினது நான். இதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதே இல்லை.

அடுத்த தடவை சின்னவன் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தபோது பெரியவன் பிடித்தான். சின்னவனின் தலை அவன் அக்குளுக்குள் போயிற்று, கை கழுத்தைச் சுற்றியது, இரண்டு பேரும் அப்படியே மண்ணில் சாய்ந்தார்கள். சின்னவன் குப்புற அடியில், அவன் மேல் பெரியவனின் அத்தனை கனமும். நான் எதிர்ப்பக்கமாக மண்ணில் படுத்து, முதுகு படுகிறதா, தோள் படுகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தேன். மத்தியஸ்தன் பார்க்க வேண்டியது முதுகைத்தானே? சின்னவனின் முகம் இருந்தது அந்தப் பக்கம். அந்தப் பக்கம் பார்க்க இன்னொரு ஆளே இல்லை. அவன் கை ஒன்று மட்டும் என் பக்கம் நீண்டிருந்தது. அது மண்ணைத் தட்டியது. தட்டியது, மறுபடி தட்டியது. ‘அடேயப்பா, ஊன்றி எழுந்திருக்கப் பார்க்கிறான், என்ன ரோஷம்!’ என்று என் பள்ளிக்கூடத்துப் பையனை நினைத்து நான் பூரித்துப்போனேன். அப்புறம் அந்தக் கை தட்டுவதை நிறுத்திவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்து நான் திகைத்தேன். பெரியவன் பிடியைத் தளர்த்தி, சின்னவனை மெல்லத் தன் நெஞ்சின் மேல் இழுத்துக்கொண்டு, தானே மல்லாக்கச் சாய்ந்து முதுகை மண்ணில் வைத்தான். யாரும் தள்ளவில்லை, மடக்கவில்லை. வேண்டுமென்றே படுத்தான். சின்னவன் அவன் மேல் கிடந்தான்.

விதி விதிதான். விசிலை ஊதினேன். கூட்டம் தோப்பே அதிரக் கத்தியது. கன்னுக்குட்டி ஜெயித்துவிட்டது! தொப்பிகளும் துண்டுகளும் பறந்தன. எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டுமென்றே தோற்று என் போட்டியைக் கேலிக்கூத்து ஆக்குகிறானே! அவன் சின்னவனைப் பக்கத்தில் மண்ணில் கிடத்திவிட்டு எழுந்து என் முன்னால் வந்து, தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான், சின்னவனைக் காட்டினான், மறுபடி கழுத்தைக் காட்டினான். வாயை இறுக்கி மூடியிருந்தான். ஊமை ஜாடை காட்டி என்னையே நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

அவன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நான் திரும்பி, ஜெயித்தவன் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டலாம் என்று குனிந்து சின்னவனின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன். கை வந்தது. ஆனால் அந்தக் கையில் அவன் இல்லை. நனைந்த துண்டைத் தூக்குகிற மாதிரித் துவண்டுகொண்டு வந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. உதடு நாவல் பழம் தின்ற மாதிரி நீலமாக இருந்தது. மூக்கு, வாய் எல்லாம் செம்மண்.

‘ஒரு கீறல் விழாம’ என்று நான் சொன்னது ஒன்றுதான் மண்டைக்குள் சுற்றியது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மத்தியஸ்தன், டிரில் மாஸ்டர், ஏழு விதி எழுதினவன், கையைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன்.

“தள்ளுங்க ஸார், பயலுக்கு மூச்சு இல்ல!”

அடி வாங்கினவன்தான் கத்தினான். என்னை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு முழங்காலிட்டு உட்கார்ந்தான். சின்னவனைப் பக்கவாட்டில் சாய்த்து, இரண்டு விரலை வாய்க்குள் விட்டு மண்ணை வழித்து வழித்து எறிந்தான். மூக்கை உறிஞ்சித் துப்பினான். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு மூக்கு வழியாக ஊதினான். ஒன்று, இரண்டு, மூன்று. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். வைகைக் கரையில் துணி துவைக்கிற சத்தம் கேட்டது. கயிற்றுக்கு அடியில் நுழைந்து யாரோ ஓடி வந்தார்கள். தையல்காரர். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மகனைப் பார்க்க வந்திருக்கிறார் பாவம். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

எட்டாவது ஊதலில் சின்னவனின் நெஞ்சு ஒரு தூக்குத் தூக்கியது. இருமினான். மண்ணும் எச்சிலுமாக வந்தது. மறுபடி இருமினான். இழுத்து மூச்சு வாங்கினான். அந்த மூச்சுச் சத்தம் மாதிரி ஒரு சத்தத்தை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. மீனாட்சி, தாயே என்று நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தான். அப்பாவைப் பார்த்தான். “என்னய்யா செய்யுது? பேசு சாமி, ஏதாச்சும் பேசு” என்று அவர் அவன் கன்னத்தைத் தடவினார். அவன் பேசவில்லை. உதட்டை இறுக்க மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். எங்களுக்கெல்லாம் மறுபடியும் உசிர் போயிற்று. தொண்டை போய்விட்டதா? நாக்கு இழுத்துக்கொண்டதா? அப்போது அவன் மெதுவாகக் கையைத் தூக்கி, முதலில் தனக்குக் கீழே இருந்த மண்ணைக் காட்டினான். அப்புறம் என் கழுத்தில் தொங்கின விசிலைக் காட்டினான்.

கோதாவுக்குள் இருக்கிறானே. பேசினால் பள்ளிக்கூடம் தோற்றுப்போகுமே.

அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு போய்க் கயிற்றுக்கு வெளியே புல்லில் கிடத்தினோம். கிடத்தினதும் வாயைத் திறந்து “தண்ணி” என்றான். நான் அழுதுவிட்டேன். மீசை வைத்த டிரில் மாஸ்டர் அத்தனை பள்ளிக்கூடமும் பார்க்க முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவன் சாகக் கிடந்து பிழைத்தும் என் விதியை மீறவில்லை. மண்ணைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறான், நான் ரோஷம் என்று ரசித்திருக்கிறேன்.

பெரியவனிடம் கேட்டேன். “ஏன்டா, அவனைப் புரட்டிப் போட்டிருந்தா நீயே ஜெயிச்சிருப்பியே, ஏன் நீ படுத்தே?”

“கழுத்து மடிஞ்சு கெடந்துச்சு ஸார். புரட்டுனா முறிஞ்சு போகும். நொகத்தடியில சிக்குன கன்னு கழுத்தைத் திருகக் கூடாது ஸார், நாமதான் எறங்கிக் குடுக்கணும். நீங்க சீக்கிரம் விசில் ஊதணுமேன்னு நான் படுத்துட்டேன்.” ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான். கன்னத்தில் என் நாலு விரலும் பதிந்திருந்தது. ஊதி எழுப்பினதும் அப்படிப் படித்ததுதானாம். பிறந்த கன்று மூச்சு விடாவிட்டால் அவர்கள் வீட்டில் அப்படித்தான் செய்வார்களாம்.

இதற்கு நடுவில் மேஜையில் உட்கார்ந்திருந்த புள்ளி எழுதுகிற சரித்திர வாத்தியார் எழுந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காகிதத்தில் இருப்பதற்கு மேல் ஒரு அங்குலம் போக மாட்டார். நான் எழுதின விதித்தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, இன்ன பள்ளிக்கூடத்துப் பையன் கோதாவுக்குள் வாயைத் திறந்ததால் நாலாவது விதிப்படி அந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளிகள் அனைத்தும் ரத்து என்று வாசித்தார். உசிலம்பட்டிப் பையன்களின் முகம் செத்துப்போயிற்று. காலையிலிருந்து ஜெயித்துக்கொண்டு வந்தவர்கள். அவர்களுடைய டிரில் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். எதிர்த்துப் பேசினால் போன வருஷக் கதை ஆகிவிடும், குஸ்தியே போய்விடும்.

எங்கள் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு அதட்டவே தெரியாது, அதுதான் அவரிடம் பயம்.

“அந்த விதியை எழுதினது யார்?”

“நான்தான் ஸார்.”

“அந்தப் பையனை அடிச்சது?”

“நான்தான் ஸார்.”

“அப்போ திருத்த வேண்டியதும் நீர்தான்” என்று சொல்லிவிட்டு அந்தத் தகரக் குழாயை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அந்தக் குழாயை வாயில் வைத்துச் சொன்னேன். இந்தப் பிடி செல்லாது. யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. தோற்றது மத்தியஸ்தன். நாலாவது விதியை இந்த நிமிஷமே அடித்துவிட்டேன். யாருடைய புள்ளியும் ரத்து இல்லை. ஒரு உசிரைக் காப்பாற்றின பையனை நான் அடித்தேன், அது தப்பு, அதற்கு இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மிச்சப் போட்டி நாளைக் காலையில், வேறு மாதிரி நடக்கும். இவ்வளவுதான் சொன்னேன். கூட்டத்தில் சில பேர் சிரித்தார்கள். வாத்தியார் பையனிடம் மன்னிப்புக் கேட்கிற காலமா அது? சிரிக்கட்டும் என்றிருந்தது. சின்னவன் மூச்சு விடுகிறான், எனக்கு அது போதும்.

சின்னவனை ஜட்காவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனோம். பார்த்துவிட்டு, ஒன்றும் பயமில்லை, ரெண்டு நாள் கஞ்சி கொடுங்கள் என்றார். வண்டியில் திரும்பும்போது தையல்காரர் மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது என்னைப் பார்த்து, “கீறல் விழல ஸார், அதைச் சரியாத்தான் செஞ்சீங்க” என்றார். நாலு வசவு வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இறங்கின கையோடு நான் போனது அந்தப் பெரியவனைத் தேடித்தான். எங்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவில்தான் அவர்களைத் தங்க வைத்திருந்தோம். நாளைக்கு என்னென்ன மாற்றலாம் என்று மற்ற டிரில் மாஸ்டர்களைக் கேட்பதற்கு முன்னால் அவனைக் கேட்டேன். முதலில் கூச்சப்பட்டான். “விடுங்க ஸார், எங்க அய்யா அடிக்காத அடியா” என்றான். அப்புறம் மெல்லச் சொன்னான். “கையைக் கட்டுங்க, காலைக் கட்டுங்க ஸார். வாயை மட்டும் கட்டாதீக.” வாய் மண்ணில் இருந்தால் என்ன செய்ய என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். “எதிராளி மேல ரெண்டு தட்டுத் தட்டட்டும். தட்டுனா விட்ரணும். தோத்தான்னு எழுதிக்கங்க, அம்புட்டுத்தானே?”

அம்புட்டுத்தான். இந்த அம்புட்டு என் ஏழு விதியில் இல்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, பக்கத்தில் பருத்தி மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்காரரிடம் கெஞ்சி மூட்டை நிறுக்கிற பெரிய தராசை வாங்கி வந்து தோப்பில் ஒரு புளியமரக் கிளையில் தொங்கவிட்டோம். பையன்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருத்தனாக நிறுத்தோம். ஒரே கும்மாளம். “அண்ணே, இந்த மூட்டையில பருத்தியவிடக் கொட்டைதான் சாஸ்தி!” “மாப்ள, நேத்து தின்ன இட்லியக் கழிச்சுட்டு நிறுக்கச் சொல்லு!” வேடிக்கை பார்க்க வந்திருந்த சின்னவனும் ஏறுவேன் என்று அடம்பிடித்தான். ஒரு தட்டில் பெரியவன் உட்கார்ந்திருந்தான். எதிர்த் தட்டில் இவனை வைத்தோம். சர்ரென்று அந்தரத்துக்குப் போய்விட்டான்! மேலே இருந்துகொண்டு காலை ஆட்டிக்கொண்டு சிரிக்கிறான். அவனோடு கூட இன்னொரு பொடியனை ஏற்றினோம். அப்போதும் பெரியவனின் தட்டுத் தரையைவிட்டுக் கிளம்பவில்லை. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தட்டில் இருந்த கனம் அத்தனையும் நேற்று அந்தச் சின்னக் கழுத்து மேல் இருந்தது.

எடை பார்த்து ஜோடியை மாற்றினோம். கோதாவின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு வெள்ளைக் கைக்குட்டையோடு இரண்டு மாஸ்டர்களை உட்கார வைத்தோம். நான் பார்க்காததை அவர்கள் பார்க்க வேண்டும், முகம் மண்ணில் பட்டால் கைக்குட்டையைத் தூக்க வேண்டும், தூக்கினால் நான் விசில் ஊத வேண்டும். சோடாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்பவுண்டர் வந்து உட்கார்ந்தார். வாயைத் திறக்கலாம், வசவு பேசினால் மட்டும் தனித் தண்டனை, அதுவும் பேசினவனுக்கு மட்டும். தட்டுவது எப்படி என்று எல்லாப் பையன்களுக்கும் முதலில் செய்து காட்டச் சொல்லிப் பெரியவனையே நிறுத்தினேன்.

தையல்காரரும் வந்திருந்தார். வந்தவர் நேராகப் பெரியவனிடம் போய் ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால் ஒரு புது லங்கோடு. மகனுக்குத் தைத்த அதே சிவப்புத் துணி. “அளவு எடுக்கல தம்பி, நேத்து கண்ணால பாத்ததுதான். சரியா இருக்கும்” என்றார். அவன் அதைக் கட்டிக்கொண்டுதான் கோதாவில் இறங்கினான்.

எடைப்படி அவனுக்கு வந்த ஜோடி ஒரு ஆறாம் பாரத்துப் பையன், நல்ல பயிற்சி உள்ளவன். ஐந்து நிமிஷம் போல இரண்டு பேரும் மோதினார்கள். அது குஸ்தி! திடீரென்று ஆறாம் பாரத்துக்காரன் இவன் கையை முதுகுப் பக்கமாக மடக்கி மேலே ஏறி உட்கார்ந்தான். முகம் மண்ணுக்குப் போயிற்று. வலது பக்கத்துக் கைக்குட்டை எழும்பியது. அதே நொடியில் பெரியவனின் இன்னொரு கை பின்னால் வந்து எதிராளியின் தொடையில் ஒரு தட்டுத் தட்டியது. இரண்டாவது தட்டு விழுவதற்குள் என் விசில் கேட்டுவிட்டது.

அவன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, தோப்பு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினான்: “தோத்துட்டேன் ஸார்!”

ஒரு பையன் தோற்றதற்கு அத்தனை சந்தோஷம் நான் பட்டதே இல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் சின்னவன் கை தட்டிக்கொண்டு குதித்தான். தையல்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முந்தின நாளிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் எழுந்து போயிற்று. அன்றைக்கு முழுக்க ஒரு சண்டை இல்லை. வாயைக் கட்டாமலேயே சண்டை இல்லை. குஸ்தியையும் யாரும் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் விசில் ஊதினேன். ஜெயித்தவன் கையைத் தூக்குவதற்கு முன்னால் இரண்டு பேர் மணிக்கட்டையும் ஒரு நொடி பிடித்துப் பார்ப்பேன். ‘நாடி பார்க்கிற வைத்தியர்’ என்று மற்ற மாஸ்டர்கள் கேலி பண்ணுவார்கள், பண்ணட்டும் என்று விட்டுவிடுவேன். துவண்டு வந்த அந்தச் சின்னக் கையின் கனம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது; அதனால்தான் இன்றைக்கும் என் முன்னால் யாராவது வாயை மூடிக்கொண்டு இருந்தால், அடக்கமாக இருக்கிறார்கள் என்று பூரித்துப்போகாமல், “என்னப்பா, மூச்சு விட முடியுதா?” என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.